வயல் கணக்கு எழுத மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பில் வேளாண் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு குறை உண்டு. பண்ணைக் கணக்கு என்று ஒரு நோட்டு கொடுத்தால் மாணவர்கள் கட்டம் போட்டு அழகாக எழுதித் தருகிறார்கள். மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால், "போன பட்டத்தில் உங்கள் வீட்டு மணிலாவில் என்ன மிஞ்சியது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் படித்து, கடைசி ஆண்டில் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கும் மாணவர்களிடமும் இதே தடுமாற்றத்தைப் பார்க்கலாம். கணிதம் தெரியாததால் வரும் குறை அல்ல இது. காரணம் வேறு. அதைச் சரிசெய்யவும் முடியும்.

பள்ளியில் நாம் கற்றுத்தருவது கடைக் கணக்கு. கடையில் சரக்கு வாங்குகிறோம், விற்கிறோம், மாலையில் கல்லாவை எண்ணுகிறோம். வயலில் அப்படி நடப்பதில்லை. மார்கழிப் பட்டத்து மணிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்த நாளிலிருந்து நூறு நாளுக்கு மேல் பணம் போய்க்கொண்டே இருக்கும். வரவு மட்டும் ஓரிரு நாளில் மொத்தமாக வந்து சேரும். இடையில் பள்ளிக் கட்டணம், கல்யாண மொய், மருத்துவச் செலவு எல்லாம் அதே பையிலிருந்துதான் போகின்றன. அப்பாவின் உழைப்புக்கும் அம்மா களை எடுத்ததற்கும் யாரும் கூலி கொடுப்பதில்லை. விதை போன ஆண்டு எடுத்து வைத்தது, எரு சொந்த மாட்டுச் சாணம். இவற்றில் காசு கைமாறவே இல்லை என்பதால் மாணவரின் நோட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை.

இன்னொரு காரணம் பயம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லாத பெரியவர் நம் பக்கத்தில் இல்லை. கணக்கே பார்க்காதே என்ற அறிவுரையாகவே அது பல வீடுகளில் புழங்குகிறது. மகன் நோட்டோடு வந்து நின்றால் அப்பா ஏதோ ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அவருடைய பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தக் கணக்கில் கடனும் அடகு வைத்த நகையும் இருக்கலாம்.

நோட்டு உண்மையானதா, ஒப்புக்கு எழுதியதா என்பதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம். எல்லாத் தொகையும் ஆயிரம், இரண்டாயிரம், ஐந்தாயிரம் என முழுசாக இருந்தால் அது நினைவிலிருந்தோ ஊகத்திலிருந்தோ வந்தது. நான்கு மாதக் கணக்கு ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் ஒரே இரவில் எழுதியது. தொகை மட்டும் இருந்து கிலோ, மணி, ஆள் எண்ணிக்கை எதுவும் இல்லையென்றால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. வங்கிக் கடன் வரவுப் பக்கத்திலும், கட்டிய அசல் செலவுப் பக்கத்திலும் இருந்தால் பாடம் புரியவில்லை. கடன் வாங்கிய தொகை வருமானம் ஆகாது. அசலைத் திருப்பிக் கட்டுவதும் சாகுபடிச் செலவு ஆகாது. வட்டி மட்டுமே செலவு. வீட்டுக்கு எடுத்து வைத்த விளைபொருள் ஒரு கிலோகூட நோட்டில் இல்லையென்றால், அந்தக் குடும்பம் தன் நெல்லைத் தானே உண்ணவில்லை என்று பொருளாகிவிடும்.

சரிசெய்ய முதல் வேலை, எல்லையைச் சுருக்குவது. குடும்பத்தின் முழு வரவுசெலவை எழுதச் சொல்லாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளையால் அது முடியாது, எழுதவும் கூடாது. ஒரு துண்டு நிலம், ஒரு பயிர், ஒரு பட்டம் போதும். சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ, அல்லது ஆடிப்பட்டத்து மானாவாரி மணிலாவோ, ஏதாவது ஒன்று. நிலமில்லாத வீட்டு மாணவர் இரண்டு ஆடுகளுக்கு எழுதலாம், ஒரு கறவை மாட்டுக்கு எழுதலாம். கூலிக்குப் போகும் பெற்றோரின் வேலை நாட்களையும் எழுதலாம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் பிள்ளை சாமைக்கு எழுதட்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிடும் குடும்பமாக இருந்தால், நிலக்காரருக்குப் போகும் பங்கை முதல் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, ரூபாய்க்கு முன்னால் அளவை எழுதப் பழக்குவது. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ரூபாய் மறந்துபோகும், மாற்றியும் சொல்லலாம். அளவைப் பொய்யாக எழுதினால் எளிதில் மாட்டிக்கொள்ளும். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ. இரண்டு மூட்டை யூரியா வாங்கி 60 கிலோ போட்டிருந்தால் 30 கிலோ வீட்டில் இருக்க வேண்டும். மாணவர் போய்ப் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று எழுதட்டும். இல்லையென்றால் பக்கத்து வயலுக்குக் கைமாற்றாகப் போயிருக்கும். அதையும் எழுத வேண்டும். டிராக்டர் உழவுக்கு எத்தனை மணி நேரம், களைக்கு எத்தனை ஆள், முழு நாளா அரை நாளா, மோட்டார் எத்தனை மணி ஓடியது என்பவை அன்றன்றே குறிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடிய நேரத்தை யாரும் குறிப்பதில்லை. குறித்தால்தான் எந்தப் பயிர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பது தெரியவரும். நம் மாவட்டத்துக் கிணறுகளுக்கு அந்தக் கணக்கு அவசியம்.

அளவைகளில் கவனம் தேவை. மூட்டை என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். நெல் மூட்டை வியாபாரியிடம் 75 கிலோவாக இருக்கும், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. தாத்தா சொல்லும் காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர். எல்லாவற்றையும் கிலோவுக்கும் சென்ட்டுக்கும் மாற்றி எழுதினால்தான் இரண்டு மாணவர்களின் கணக்கை ஒப்பிட முடியும். மணிலாவில் காயா பருப்பா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ரசீதுகளைச் சேர்ப்பது தனிப் பழக்கம். உரக்கடையில் கருவியிலிருந்து வரும் சிறு சீட்டு, டிராக்டர்காரர் துண்டுத்தாளில் எழுதித் தருவது, பால் சங்கத்துச் சீட்டு எல்லாம் நோட்டின் பின்னட்டையில் ஒட்டப்பட வேண்டும். சீட்டில் ஒரு விலையும் கொடுத்தது வேறு விலையுமாக இருந்தால், கொடுத்ததையே செலவாக எழுதி, சீட்டு விலையைப் பக்கத்தில் குறிக்கட்டும். விற்பனைச் சீட்டைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. தனியார் மண்டியில் கமிஷன், இறக்குகூலி எனக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கைக்கு வந்த தொகையை மட்டும் எழுதினால் கழிவு எவ்வளவு என்பது மறைந்துவிடும். மொத்தத் தொகை, ஒவ்வொரு கழிவு, கைக்கு வந்தது என மூன்றையும் எழுத வேண்டும். இதை ஒரு முறை எழுதிப் பார்த்த வீட்டில், அடுத்த முறை சரக்கை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு தானாக எழும்.

பூ சாகுபடி செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு எச்சரிக்கை. தீபத் திருவிழா நெருங்கும்போது மல்லி விலை ஏறும். குளிரில் செடி பூப்பதும் குறைந்திருக்கும். அந்த வார விலையை ஆண்டு முழுவதற்கும் போட்டுப் பெருக்கினால் கோட்டை கட்டலாம், கணக்கு வராது. தினமும் எத்தனை கிலோ, என்ன விலை என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, பட்டம் முடிந்தபின் கணக்கை முடிப்பது. குழப்பமும் பயமும் இங்கேதான் வருகின்றன என்பதால் ஓர் எடுத்துக்காட்டை முழுசாகப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் மணிலா. உழவு 5,000 ரூபாய், விதைப் பருப்பு 50 கிலோவுக்கு 7,000, உரமும் ஜிப்சமும் 5,500, மருந்து 2,500, வெளியாள் கூலி 14,000, வண்டி வாடகையும் சில்லறைச் செலவும் 2,000. கூட்டினால் 36,000. இதைக் கடனாக வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் நான்கு மாதத்துக்கு 840. மோட்டாருக்கும் கருவிகளுக்கும் தேய்மானம் (பழசாகிப் போவதால் ஆண்டுதோறும் குறையும் மதிப்பு) இந்தப் பயிரின் பங்காக 1,200. ஆக 38,040 ரூபாய். வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் 'ஏ2' என்று சொல்வது இதைத்தான்: கையிலிருந்து போன செலவு, அதற்கான வட்டி, தேய்மானம். வீட்டு விதையும் எருவும் போட்டிருந்தால் அவற்றின் சந்தை விலையும் இதில் சேரும்.

அப்பா அம்மா இருவரும் சேர்ந்து உழைத்தது 40 ஆள் நாள். ஊரில் அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலி 400 என்றால் 16,000. இதைச் சேர்த்தால் 54,040. இது 'ஏ2 கூட்டல் குடும்ப உழைப்பு'. சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் வாடகை 8,000, போட்ட சொந்த முதலுக்கு வட்டி 1,000 என்று அதையும் கூட்டினால் 63,040. இதற்கு 'சி2' என்று பெயர்.

விளைந்தது 900 கிலோ காய். அதில் 800 கிலோவைக் கிலோ 65 ரூபாய்க்கு விற்றதில் 52,000. விதைக்கும் வீட்டுக்கும் வைத்த 100 கிலோவின் மதிப்பு 6,500. மாட்டுக்குப் போன கொடியின் மதிப்பு 3,000. மொத்தம் 61,500.

இப்போது மிச்சம் எவ்வளவு? ஏ2 செலவைக் கழித்தால் 23,460 ரூபாய் லாபம். குடும்ப உழைப்பையும் கழித்தால் 7,460. சி2 செலவைக் கழித்தால் 1,540 ரூபாய் நட்டம். கையில் உண்மையில் நிற்கும் ரொக்கமோ, செலவும் வட்டியும் போக 15,160. ஒரே வயல், ஒரே பயிர், நான்கு விடைகள். நான்கும் சரி. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதை மாணவருக்குப் புரியவைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

கடனைக் கட்ட முடியுமா, அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க முடியுமா என்று பார்க்க ரொக்கக் கணக்கு. இந்தப் பயிர் எங்கள் உழைப்புக்கு ஊர்க் கூலியாவது தந்ததா என்று பார்க்க, குடும்ப உழைப்பையும் கழித்த கணக்கு. மேலே சொன்ன வீட்டில் கூலி கிடைத்து, அதற்கு மேல் 7,460 மிஞ்சியிருக்கிறது. சி2 நட்டம் என்பது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதே நாட்களில் கூலி வேலை நிச்சயமாகக் கிடைத்திருந்தால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது மட்டுமே. அந்த நாட்களில் வேலை கிடைத்திருக்குமா என்பது தனிக் கேள்வி. சி2 வரியைப் பார்த்துவிட்டு, "விவசாயத்தையே விட்டுவிடலாம்" என்று வீட்டில் போய்ச் சொல்லும் மாணவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஒரு பட்டத்துக் கணக்கை வைத்து நிலத்தை விற்பது, பயிரை மாற்றுவது, புதுக் கடன் வாங்குவது எதையும் முடிவு செய்யக் கூடாது. குறைந்தது மூன்று பட்டங்களின் கணக்கு கையில் இருக்கட்டும்.

சி2 நட்டத்தைவிடப் பயனுள்ள சேதி வேறொரு வரியில் இருக்கிறது. குடும்ப உழைப்பையும் சேர்த்த 54,040 ரூபாயில் கொடியின் மதிப்பைக் கழித்து ஒன்பது குவிண்டாலுக்கு வகுத்தால், ஒரு குவிண்டால் காய்க்கு 5,671 ரூபாய் செலவு. 2025-26 பருவத்துக்கு மணிலாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். நாடு முழுவதற்கும் கணக்கிட்ட 'ஏ2 கூட்டல் குடும்ப உழைப்பு'ச் செலவான 4,842 ரூபாயைப் போல ஒன்றரை மடங்கு அது. நம் எடுத்துக்காட்டு வீடு விற்றது 6,500 ரூபாய்க்கு. வேறுபாடு குவிண்டாலுக்கு 763, எட்டுக் குவிண்டாலுக்கு 6,104 ரூபாய். ஆக, இந்த வீட்டில் பார்க்க வேண்டியவை இரண்டு: எங்கே, எப்போது விற்றோம் என்பதும், வெளியாள் கூலி ஏன் 14,000 ஆனது என்பதும். கணக்கு எழுதாமல் இந்த இரண்டையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முதலையும் வருமானத்தையும் பிரித்துக் காட்ட நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி ஏராளம். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். மந்தையில் ஆடுகள் செத்தாலும் கிழடானாலும், பிறக்கும் குட்டிகளால் ஈடுகட்டி எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும். விளக்குக்குத் தர வேண்டியது நெய் மட்டும். அண்ணாமலையார் கோயிலுக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது கல்வெட்டுச் சுவர்களின் முன் நிறுத்தி இதை விளக்குங்கள். மோட்டார் தேய்ந்து போனபின் புதிதாக வாங்க எதையும் ஒதுக்காமல் 'லாபம்' என்று எடுத்துச் செலவழிப்பது, நெய்க்குப் பதில் ஆட்டையே விற்பதற்குச் சமம் என்பது அங்கே உடனே விளங்கும்.

சில குறுக்குவழிகளை வகுப்பிலேயே மறுத்துவிட வேண்டும். "ஏக்கருக்கு இவ்வளவுதான் ஆகும்" என்ற ஊர்ப் பேச்சு மதிப்பை அப்படியே நோட்டில் ஏற்றுவது ஒன்று. விளைச்சலிலிருந்து பின்னோக்கிப் போய்ச் செலவைப் பொருத்துவது இன்னொன்று. நிவாரணம் கிடைக்கும் என்று செலவைக் கூட்டி எழுதுவது எல்லாவற்றிலும் கெடுதல். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பெரும்பாலும் அந்தப் பகுதியில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் விளைச்சலை வைத்தே முடிவாகிறது. நோட்டில் கூட்டி எழுதியதால் ஒரு ரூபாயும் கூடாது, தன் செலவு தனக்கே தெரியாமல் போவதுதான் மிச்சம். கைப்பேசிச் செயலி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தினமும் எழுதும் பழக்கம் வந்தபிறகு செயலி உதவும், அதற்கு முன் உதவாது. பால் கணக்கை மாத நாள்காட்டியின் கட்டத்தில் குறிக்கும் அம்மாக்கள் நம் ஊரில் ஏராளம். மாணவர் அதைக் கேலி செய்யாமல், மாதக் கடைசியில் அதிலிருந்து நோட்டுக்கு எடுத்து எழுதட்டும்.

பயிர் பாதியில் அழிந்துபோனால் நோட்டை மூடிவைக்கச் சொல்லாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது நம் மாவட்டத்தில் வயல்கள் மூழ்கின. அப்படி ஒரு நாள் வந்தால் அன்றைய தேதி, அதுவரை போன செலவு, நிலத்தில் எஞ்சியது என்ன என்று எழுதி, படம் எடுத்து வைத்து, அந்தக் கணக்கை அதோடு முடிக்க வேண்டும். மறு விதைப்புக்குப் புதுப் பக்கம். நிவாரணமாக வந்த தொகையும், பி.எம். கிசான் திட்டத்தில் மூன்று தவணையாக வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் பயிர் வருமானத்தோடு சேராமல் தனி வரியில் நிற்க வேண்டும்.

கடைசியாக, பெற்றோரின் மானம். எந்த மாணவரின் வீட்டுக் கணக்கையும் வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். நோட்டின் மேல் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். கடன் விவரத்தை எழுத வீட்டில் விருப்பமில்லையென்றால் வட்டித் தொகை மட்டும் போதும், யாரிடம் வாங்கியது என்று கேட்க வேண்டாம். மதிப்பெண்ணை லாபத்துக்குக் கொடுக்காமல் தேதி தவறாத பதிவுக்குக் கொடுங்கள். நட்டக் கணக்கை நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்தால்தான் மற்றவர்களும் உண்மையை எழுதுவார்கள்.

வாரத்தில் ஒரு வகுப்பின் முதல் பத்து நிமிடம் இதற்குப் போதும். நோட்டும் ரசீதும் ஒத்துப்போகின்றனவா என்று மாணவர்கள் தங்களுக்குள் மாற்றிப் பார்க்கட்டும். செலவுத் தொகை பற்றிப் பெரிய சந்தேகம் வந்தால் கீழ்நெல்லியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ கேளுங்கள். வரும் பட்டத்துக்கு விதை வாங்கும் நாளிலேயே முதல் வரி எழுதப்பட வேண்டும். அறுவடைக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிக் கொண்டுவரும் நோட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.